நாள் தள்ளிப்போவதற்கு முன்பே தொடங்கும் கர்ப்பம்

முதல் வகை சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஓர் எளிய விளக்கம்

பத்து வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணுக்குத் திருமணப் பேச்சு வரும்போது வீட்டுக்குள் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, "இவளால் பிள்ளை பெற முடியுமா?" என்று தணிந்து கேட்கும். மற்றது, "கல்யாணம் ஆகட்டும், உண்டானால் அப்போது டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம்" என்று ஆறுதல் சொல்லும். முதல் குரல் வீணாகப் பயமுறுத்துகிறது. இரண்டாவது குரல் அன்பில் பிறந்தது என்றாலும் அதனால் விளையும் தீங்கு அதிகம். அந்தக் குரலுக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். முடியும். உலகெங்கும் முதல் வகை சர்க்கரை நோயுள்ள பெண்கள் நலமான குழந்தைகளைப் பெற்று வளர்க்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கர்ப்பம் என்பது நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கும் காரியம் அல்ல. பல மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டிய காரியம்.

ஒரே பெயரில் மூன்று நோய்கள்

தமிழில் எல்லாவற்றையும் "சுகர்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

களத்துமேட்டில் நெல் குவிந்து கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதை மூட்டை மூட்டையாக வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் வேண்டும். சாப்பிட்ட உணவிலிருந்து ரத்தத்தில் கலக்கும் சர்க்கரைதான் நெல். உடலின் செல்கள்தான் வீடுகள். மூட்டை சுமக்கும் ஆள் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் அந்த ஆட்களை அனுப்புகிறது.

முதல் வகை சர்க்கரை நோயில் சுமக்க ஆளே இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல், தவறுதலாகத் தன் கணையத்தின் இன்சுலின் செல்களையே அழித்துவிடுகிறது. பலருக்குச் சிறுவயதிலேயே நடக்கும். இனிப்பு அதிகம் தின்றதால் வந்தது அல்ல. பெற்றோர் செய்த தவறும் அல்ல. இரண்டாம் வகையில் ஆட்கள் இருக்கிறார்கள். வீடுகள் கதவைத் திறக்க மறுக்கின்றன. மூன்றாவது, கர்ப்பகாலச் சர்க்கரை. நஞ்சுக்கொடி சுரக்கும் சில ஹார்மோன்களால் கர்ப்பத்தின்போது மட்டும் கதவுகள் இறுகிக்கொள்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

தமிழ்நாட்டில் மூன்றாவதைப் பற்றிய விழிப்புணர்வு நிறையவே இருக்கிறது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பல்லாண்டு உழைப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் அந்த நோய்க்கான அறிவுரையைத் தூக்கி முதல் வகைப் பெண்ணின் மேல் வைக்கும்போது சிக்கல் வருகிறது. "உணவைக் குறைத்து நடந்தால் போதும், ஊசி வேண்டாம்" என்ற பேச்சு அவளைப் பொறுத்தவரை உயிராபத்தானது. அவளிடம் சுமக்கும் ஆட்களும் இல்லை. கர்ப்பத்தில் கதவுகளும் இறுகும். இரண்டு சுமையும் அவள் ஒருத்திக்கே.

இதுவரை: முதல் வகை நோயில் இன்சுலின் சுரப்பே இல்லை. எனவே ஊசியை ஒரு நாளும் நிறுத்த முடியாது. கர்ப்பம் அந்தத் தேவையை மேலும் கூட்டும்.

சல்லடை எதை விடும், எதைத் தடுக்கும்

தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் ஒன்றாகக் கலப்பதில்லை. நடுவில் நஞ்சுக்கொடி என்ற சல்லடை இருக்கிறது. சர்க்கரை சிறு துகள். சல்லடையில் எளிதாக இறங்கிவிடும். தாயின் இன்சுலின் பெரிய மூலக்கூறு, மேலேயே தங்கிவிடும். "இத்தனை ஊசி போட்டால் குழந்தைக்கு என்ன ஆகும்?" என்று கவலைப்படும் பாட்டிமார்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். ஊசி மருந்து குழந்தையைத் தொடுவதில்லை. தொடுவது சர்க்கரை.

தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் குழந்தையின் ரத்தத்திலும் ஏறும். கருவின் கணையம் மூன்றாம் மாத வாக்கில் இன்சுலின் சுரக்கத் தொடங்கும். நோய் தாய்க்குத்தான், கருவின் கணையம் நன்றாகவே வேலை செய்கிறது. வந்து கொட்டும் சர்க்கரையைச் சமாளிக்க அது இன்சுலினை அள்ளிச் சுரக்கிறது. இன்சுலினுக்கு உடலை வளர்க்கும் வேலையும் உண்டு என்பதால் குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது, குறிப்பாகத் தோளிலும் வயிற்றிலும். கோபன்ஹேகன் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த விளக்கம் இது. அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை.

நாலரைக் கிலோவில் கொழுகொழுவென்று பிறந்த குழந்தையைப் பார்த்து ஊரே மகிழும். ஆனால் அந்த எடை நல்ல ஊட்டத்தின் அடையாளமாக இல்லாமல், மிகுந்த சர்க்கரையின் அடையாளமாக இருக்கலாம். பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதனால்தான் கூடுகிறது.

பாவு விரிக்கும் வாரங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

பட்டுச்சேலை நெய்பவர்கள் முதலில் பாவு விரிப்பார்கள். நீளவாக்கில் ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைத்துத் தறியில் ஏற்றும் வேலை அது. அங்கே ஓர் இழை பிசகினால் சேலையின் கடைசி முழம் வரை அந்தக் கோடு ஓடும். பிறகு எவ்வளவு கவனமாக நெய்தாலும் அது மறையாது.

குழந்தையின் பாவு எப்போது விரிக்கப்படுகிறது? மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அந்தக் கணக்குப்படி, நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆனபோதே ஐந்து வாரக் கர்ப்பம். ஆறாவது வாரத்துக்குள் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் குழாய் மூடிவிடுகிறது. அதே நாட்களில் இதயம் உருவாகித் துடிக்கத் தொடங்குகிறது. பத்தாவது வாரத்துக்குள் முக்கிய உறுப்புகள் எல்லாவற்றின் வடிவமும் தீர்மானமாகிவிடும்.

இப்போது நம் வீட்டு நடப்பை நினைத்துப் பாருங்கள். நாள் தள்ளிப்போகும், இன்னும் சில நாள் பார்க்கலாம் என்று காத்திருப்போம், பரிசோதனை செய்வோம், பெரியவர்களிடம் சொல்வோம், நல்ல நாள் பார்த்து மருத்துவமனைக்குப் போவோம். அதற்குள் எட்டு வாரம். பாவு பெரும்பாலும் விரித்தாயிற்று. அந்த வாரங்களில் சர்க்கரை மிக அதிகமாக இருந்திருந்தால் இதயத்திலோ தண்டுவடத்திலோ பிறவிக் குறை ஏற்படும் வாய்ப்பும் கருச்சிதைவு வாய்ப்பும் கூடுகின்றன. எட்டாவது வாரத்தில் எவ்வளவு பெரிய நிபுணரிடம் போனாலும் கடந்துபோன வாரங்களை அவரால் திருப்பித்தர முடியாது. "உண்டானால் காட்டிக்கொள்ளலாம்" என்ற சொல்லில் இருக்கும் ஆபத்து இதுதான்.

திட்டமிடாமல் கரு உருவாகிவிட்டவர்கள் இதைப் படித்து நொறுங்கிவிட வேண்டாம். வாய்ப்பு கூடுகிறது என்றால் நடந்தே தீரும் என்று பொருள் அல்ல. அப்படிக் கருவுற்றவர்களிலும் பெரும்பாலோர் நலமான குழந்தையைப் பெறுகிறார்கள். ஆனால் நாளை என்று தள்ளாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பயத்தில் நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள்.

இதுவரை: உறுப்புகள் உருவாகும் வாரங்கள், கர்ப்பம் தெரியவரும் வேளையில் பாதிக்கு மேல் கடந்துவிடும். ஆகவே சர்க்கரை அதற்கு முன்பே கட்டுக்குள் இருக்க வேண்டும்.

கருத்தரிக்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் சர்க்கரை. விரலில் குத்திப் பார்க்கும் எண் அந்த நிமிடத்தின் நிலையை மட்டுமே சொல்லும். செம்மண் சாலையில் ஓடும் லாரியை நிறுத்தி, அதன் மேல் படிந்த தூசியைப் பார்த்தால் பல நாள் ஓடிய பாதை எப்படி இருந்தது என்று தெரியும் அல்லவா? ரத்தச் சிவப்பணுவும் அப்படித்தான். சுமார் 120 நாள் அது ரத்தத்தில் ஓடுகிறது. அதன் மேல் சர்க்கரை ஒட்டிக்கொண்டே வருகிறது. எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று அளப்பதே எச்பிஏ1சி பரிசோதனை. மக்கள் வழக்கில் "மூன்று மாதச் சர்க்கரை".

கருத்தரிக்கும் முன் இது 6.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது, அடிக்கடி சர்க்கரை இறங்கி மயங்காமல் அதை எட்ட முடிந்தால். 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது குறையும் வரை கருத்தரிக்க வேண்டாம் என்று பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் வலியுறுத்திச் சொல்கிறது. 9இலிருந்து 7.5க்கு இறக்கினாலும் அது வீண் அல்ல. குறையும் ஒவ்வொரு படியும் ஆபத்தைக் குறைக்கிறது. ரத்தசோகை இருந்தால் இந்த எண் தவறாகக் காட்டக்கூடும். நம் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு மிகுதி என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த இலக்கு வரும்வரை கருத்தடை வேண்டும். இதை வெளிப்படையாகப் பேச நாம் கூச்சப்படுகிறோம். மணமான மறு மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் ஊரில், ஆறு மாதம் பொறுக்கிறோம் என்று சொல்லும் துணிவு அந்தப் பெண்ணுக்கு மட்டும் இருந்தால் போதாது. கணவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அவர் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. திருமணத்துக்கு முன்பே நோயை மறைக்காமல் சொல்லிவிட்ட வீடுகளில்தான் இந்தப் பேச்சு சாத்தியமாகிறது. ஊசியை ஒளித்து வைத்துக் குடும்பம் நடத்தும் பெண்ணால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவே முடியாது.

அடுத்து கண். பல ஆண்டு நோயினால் கண்ணின் விழித்திரையில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதாகியிருக்கலாம். பார்வை தெளிவாக இருக்கும்போதே இது நடந்துகொண்டிருக்கும். கர்ப்பம் அதை வேகப்படுத்தக்கூடும்; நீண்டகாலம் ஏறியிருந்த சர்க்கரையைத் திடீரென்று இறக்கினாலும் அது தற்காலிகமாக மோசமாகலாம். எனவே முன்கூட்டியே சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் உட்புறத்தைப் பார்த்து, தேவையானால் லேசர் சிகிச்சையை முடித்துவிட வேண்டும். கர்ப்பத்தின்போதும் இந்தச் சோதனை தொடரும்.

சிறுநீரகத்துக்கு, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) அளவும் போதும். முதல் வகை நோயுள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவது சாதாரணம், அதையும் பார்த்துவிடலாம்.

பிறகு மாத்திரைகள். சிறுநீரகத்தைக் காக்கவும் ரத்த அழுத்தத்துக்காகவும் கொடுக்கப்படும் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை கருவுக்குத் தீங்கானவை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் பொதுவாக நிறுத்தப்படும். இவற்றுக்குப் பதிலாகப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. "நான் கருத்தரிக்க நினைக்கிறேன்" என்று சொன்னால்தான் மருத்துவரால் மாற்றித்தர முடியும். ஃபோலிக் அமில மாத்திரை தண்டுவடக் குறையைத் தடுக்க உதவும். மற்றவர்களைவிட இவர்களுக்குக் கூடுதல் அளவு, பெரும்பாலும் தினம் 5 மில்லிகிராம், கருத்தரிக்க முயலும் முன்பே தொடங்கி 12 வாரம் வரை பரிந்துரைக்கப்படுகிறது.

இன்சுலின் தேவை இறங்கும், ஏறும்

கரு உருவான பிறகு அதே அளவு ஊசி பத்து மாதமும் போதாது. காவிரியில் தண்ணீர் வரத்தைப் பார்த்து மதகைத் திறப்பதுபோல மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாம் மாதத்தையொட்டி இன்சுலின் தேவை பலருக்குக் குறையும். மசக்கையும் சேர்ந்துகொள்ளும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிட்டது வாந்தியில் போனால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். கர்ப்பத்தில் தாழ்சர்க்கரை மிக அதிகமாக நேரும் காலம் இதுவே. ரத்தச் சர்க்கரை (ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 70க்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். பல ஆண்டு நோயுள்ளவர்களுக்கு அந்த எச்சரிக்கையே தெரியாமல் போகலாம். வீட்டிலுள்ளவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது: உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள்.

வாந்திக்குப் பயந்து சாப்பாட்டு நேர ஊசியைச் சாப்பிட்ட பின் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஆனால் "ஒன்றுமே சாப்பிடவில்லை, ஊசி எதற்கு?" என்று நாள் முழுதும் வேலை செய்யும் ஊசியையும் நிறுத்துவது பெரும் பிழை. களத்து நெல் வீட்டுக்கு வராவிட்டால் அடுப்பெரிய வீட்டுக்காரர் கூரை ஓலையைப் பிடுங்கி எரிப்பார். வீடெல்லாம் புகை சூழும். இன்சுலின் இல்லாத உடல் அப்படித்தான் தன் கொழுப்பை எரிக்கிறது. அந்தப் புகையின் பெயர் கீட்டோன். அது ரத்தத்தில் பெருகினால் ரத்தம் அமிலமாகி, தாய்க்கும் கருவுக்கும் உயிராபத்து. கர்ப்பத்தில் சர்க்கரை 200க்கு அருகில் இருக்கும்போதே, சிலருக்கு அதற்கும் கீழேயே, இது வந்துவிடக்கூடும். வாந்தியோ காய்ச்சலோ வந்தால் கீட்டோன் பட்டையில் சோதித்து, இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நாலாம் மாதத்துக்குப் பிறகு கதவுகள் இறுகத் தொடங்கும். ஊசி அளவு வாரத்துக்கு வாரம் ஏறி, கடைசியில் முன்பு போட்டதைப் போல இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம். "நோய் முற்றிவிட்டது" என்று யாரும் கலங்க வேண்டாம். நஞ்சுக்கொடி நன்றாக வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். மாறாக, கடைசி மாதங்களில் இன்சுலின் தேவை காரணமில்லாமல் வெகுவாகக் குறைந்தால், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம் ஊர் வழக்கம் ஒன்று சரியாக இந்த இடத்தில் வந்து மோதுகிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். சித்திரான்னங்கள், பலகாரங்கள், புது மருத்துவமனை, புதுச் சமையல். அதுவும் ஊசி அளவு மிக அதிகமாக இருக்கும் வாரங்களில். வளைகாப்பைத் தவிர்க்கச் சொல்லவில்லை. புளியோதரைக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் ஏற்ற இன்சுலின் கணக்கை முன்பே கேட்டுக்கொண்டால் அவளும் ஒரு கைப்பிடி மகிழ்ச்சியாகச் சாப்பிடலாம். மருத்துவக் குறிப்பேட்டை ஒன்றுவிடாமல் எடுத்துச் செல்லட்டும். பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையை ஐந்தாம் மாதத்திலேயே பேசிவைப்பது நல்லது.

கர்ப்பத்தில் பொதுவாகக் கேட்கப்படும் இலக்கு: வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ். தோலில் ஒட்டிக்கொண்டு சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையைக் காட்டும் உணர்கருவி பெரும் உதவி. அதைப் பயன்படுத்திய முதல் வகைத் தாய்மார்களின் குழந்தைகளுக்கு அளவுமீறிய எடையும் பிறந்தவுடன் சர்க்கரை இறங்குவதும் குறைந்ததாக 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு காட்டியது. விலை எல்லோருக்கும் எட்டாது என்பது வருத்தமான உண்மை. அதனால் விரலில் குத்தி நாளுக்கு ஏழு முறையாவது பார்த்துக் குறித்துவைக்கும் பெண்ணின் உழைப்பை வீட்டார் மதிக்க வேண்டும். எண் கூடிவிட்டது என்று அவளைத் திட்டினால், அடுத்த முறை உண்மையான எண்ணை அவள் எழுதமாட்டாள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தைத் தனியாகப் பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் ஏறிச் சிக்கலாவதைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவதுண்டு. ஏழாம் மாதத்துக்குப் பிறகு வளர்ச்சி ஸ்கேன்கள் தொடரும். குழந்தையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இதுவரை: ஊசி அளவு தொடக்கத்தில் குறையலாம், பிறகு வெகுவாகக் கூடும். தாழ்சர்க்கரைக்குச் சர்க்கரைத் தண்ணீர். வாந்தி காய்ச்சலுக்குக் கீட்டோன் சோதனை. எந்த நிலையிலும் இன்சுலினை அறவே நிறுத்தக் கூடாது.

பிரசவமும் பின்வரும் நாட்களும்

சர்க்கரை நோய் என்றாலே சிசேரியன் என்பது விதி அல்ல. குழந்தையின் எடை, தாயின் நிலை எல்லாம் பொருந்தினால் சுகப்பிரசவம் ஆகலாம். ஆனால் கடைசி வாரங்களில் கரு வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட இவர்களுக்குச் சற்று அதிகம் என்பதால், சிக்கல் இல்லாவிட்டாலும் 37 வாரம் முடிந்து 39 வாரம் ஆவதற்குள் பிரசவத்தைத் திட்டமிடுகிறார்கள். வலி தானாக வரட்டும் என்று வற்புறுத்த வேண்டாம்.

தொப்புள்கொடியை வெட்டியதும் குழந்தைக்கு வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது. ஆனால் அதன் கணையம் பழைய வேகத்திலேயே சுரந்துகொண்டிருக்கும். அதனால் முதல் மணிநேரங்களில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கலாம். குதிகாலில் குத்திச் சோதிப்பது இதற்காகத்தான். பிறந்த அரை மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பதே முதல் மருந்து. சேனை தொட்டு வைப்பது, தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம்.

தாய்க்கோ நஞ்சுக்கொடி வெளியேறிய உடனே கதவுகள் திறந்துகொள்ளும். அன்று காலை போட்ட அளவை அன்று இரவும் போட்டால் ஆபத்து. தேவை சில மணிநேரத்திலேயே கர்ப்பத்துக்கு முந்தைய அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். தாய்ப்பால் கொடுப்பதும் சர்க்கரையை இறக்கும். பத்தியம் என்று தாயைப் பட்டினி போடுவதும், கருப்பட்டி சேர்த்த லேகியத்தைக் கணக்கில்லாமல் கொடுப்பதும் அவளுக்கு ஒத்துவராது. இன்சுலின் போடும் தாய் தாராளமாகப் பாலூட்டலாம்.

"குழந்தைக்கும் வருமா?" என்ற கேள்வி தொட்டிலருகே வந்து நிற்கும் எல்லோர் மனத்திலும் இருக்கும். தாய்க்கு முதல் வகை நோய் இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு 100இல் ஏறக்குறைய 1 முதல் 4 வரை. தந்தைக்கு இருந்தால் அதைவிடச் சற்று அதிகம். அதாவது இப்படிப்பட்ட தாய்மார்களின் 100 குழந்தைகளில் 96 பேருக்காவது இது வருவதில்லை. அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், காரணமில்லாத எடை இழப்பு என்று குழந்தையிடம் எப்போதாவது கண்டால் உடனே சோதித்துவிடுங்கள். மற்ற நாட்களில் குழந்தையைக் கொஞ்சுங்கள். நடுஇரவில் பால் கொடுக்க எழும் தாயின் கைக்கெட்டும் தூரத்தில் குளுக்கோமீட்டரும் நாலு பிஸ்கட்டும் ஒரு செம்புத் தண்ணீரும் இருக்கட்டும். அதைத் தினமும் எடுத்துவைக்கும் வேலை வீட்டில் வேறு ஒருவருடையதாக இருக்கட்டும்.